மழை தூக்கும் படகு

அக்டோபர் மாதத்து ஒரு காலை. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஹர்ல்ஸ்டன் என்ற சிற்றூர். கால்வாயில் வந்துகொண்டிருந்த படகு, எதிரே உயர்ந்து நிற்கும் ஒரு சுவருக்கு முன்னால் நிற்கிறது. பின்னால் நின்று சுக்கான் பிடித்திருப்பவர் கணவர். மனைவி கரைக்குத் தாவிவிட்டார். அவருடைய பெல்ட்டின் முதுகுப்புறத்தில் 'எல்' வடிவ இரும்புக் கைப்பிடி ஒன்று செருகியிருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், சொந்தப் படகு, அவசரமே இல்லை. இப்படியொரு தம்பதியை இலையுதிர் காலத்தில் இந்தக் கால்வாயில் எப்போது போனாலும் பார்க்கலாம். போகுமிடம் வேல்ஸ் மலையடிவாரத்து லாங்கோலன் என்ற ஊர். சுமார் 70 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்துச் சொச்சம்; இவர்களுக்கு நாலைந்து நாள்.

படகு மலையை நோக்கிப் போகிறது என்பதைக் கவனித்தீர்களா? வழியில் 21 இடங்களில் அது மேலே ஏற வேண்டும்.

முதலில் படகைப் பார்த்துவிடுவோம். 'நேரோபோட்', அதாவது ஒடுங்கிய படகு. நீளம் 17 மீட்டர். நம் ஊர்ப் பேருந்து ஒன்றரை. அகலமோ 2.08 மீட்டர்தான், பேருந்தைவிடக் குறைவு. அதற்குள் அடுப்பங்கரை, படுக்கையறை, குளியலறை, கரி போட்டு எரிக்கும் கணப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில்பெட்டி போல. இந்த விநோத அளவுக்குக் காரணம் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற 18ஆம் நூற்றாண்டுப் பொறியாளர். பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். தண்ணீரும் கட்டுமானச் செலவும் மிச்சமாகட்டும் என்று படகு ஏறும் தொட்டிகளின் அகலத்தை 7 அடியாக வைத்தார். அன்று அவர் போட்ட கணக்கு, இன்று அந்தப் படகில் கட்டில் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்தத் தொட்டிக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். நாம் நீர்ப்பூட்டு என்போம். இரண்டு பக்கமும் செங்கல் சுவர், முன்னும் பின்னும் கதவு. மேற்கதவுக்கு அப்பால் கால்வாய் உயரத்தில் இருக்கிறது. கீழ்க்கதவுக்கு இப்பால் தாழ்வில். படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே நுழைகிறது; பக்கத்துக்கு இரண்டு விரல்தான் இடைவெளி. கீழ்க்கதவைச் சாத்திவிட்டு, மனைவி மேலே நடந்து போய் அந்தக் கைப்பிடியைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றுகிறார். கடகடவென்று ஒரு சிறிய மதகு, நாம் ஷட்டர் என்கிறோமே அதுதான், தண்ணீருக்குள் உயர்கிறது. மேல்மட்டத்துத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. படகு மெல்ல மேலே வருகிறது. சில நிமிடத்தில், கிணற்றுக்குள் நிற்பதுபோல் தெரிந்த கணவரின் முகம் மனைவியின் முகத்துக்கு நேராக வந்துவிடும்.

பம்பு இல்லை, மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. 16 டன் படகு 2 மீட்டர் ஏறிவிட்டது. அதற்கு ஆன ஆற்றலைக் கணக்குப் போட்டால் சிரிப்பு வரும்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு ஆகுமோ அவ்வளவுதான். பூட்டைத் தாண்டியதும் தேநீருக்குக் கெட்டிலை வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கெட்டிலுக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தச் சிறிய ஆற்றலையும் அவர்கள் கொடுக்கவில்லை. கடல் நீரை வெயில் ஆவியாக்கி மேலே ஏற்றியது. அது வேல்ஸ் மலைகளில் மழையாகக் கொட்டியது. இறங்கிப் போகிற அந்தத் தண்ணீர், போகிற போக்கில் படகைத் தூக்கிவிட்டுப் போகிறது.

கதவுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கீழ்க்கதவு இரட்டைக் கதவு. மூடும்போது இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. உயர்ந்த தண்ணீர் இருக்கும் பக்கமாக, அகன்ற 'வி' எழுத்துபோல் முனை நீட்டிக்கொண்டு சேரும். தொட்டி நிறைந்திருக்கும்போது அதன்மேல் விழும் அழுத்தம் சுமார் 10 டன். இரண்டு யானைகள் சாய்ந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடக்கூட இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்ளும். தாழ்ப்பாளே வேண்டாம், தண்ணீரே தாழ்ப்பாள். இருபுறமும் நீர்மட்டம் சமமாகும்வரை கதவு அசையாது. ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட 150 கிலோவுக்கு மேல் எதிர்த்துத் தள்ளும். சமமாகிவிட்டால், கதவோடு பொருத்திய நீண்ட மர உத்தரத்தில் முதுகைச் சாய்த்துக் கால் ஊன்றித் தள்ளினால் போதும், டன் கணக்கில் எடையுள்ள ஓக் மரக்கதவு ஓசைப்படாமல் திறக்கும். அவசரக்காரரை உள்ளே விடாத கதவு. பாதுகாப்புக்காக இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

இந்த 'வி' கதவின் பெருமை லியனார்டோ டா வின்சிக்குப் போகிறது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலன் நகரக் கால்வாய்களில் அவர் வேலை பார்த்தார். ஆனால் இரண்டு கதவுக்கு நடுவே படகை நிறுத்தி ஏற்றும் யோசனை அதைவிட 500 வருடம் பழையது. சீனாவில் 984ஆம் ஆண்டு சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி அமைத்தது. அதற்கு முன் படகுகளைச் சரிவில் கயிறு கட்டி இழுத்து ஏற்றுவார்கள். படகு உடையும், அந்தச் சந்தடியில் அரசாங்கத் தானியம் காணாமல் போகும். பொறியியலின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுக்கு நெல்திருட்டும் ஒரு காரணம்!

ஒவ்வொரு முறையும் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது? ஒரு தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரித் தண்ணீர். இங்கே ஒரு புதிர். ஒரே படகு, ஒரே பூட்டு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே அளவு தண்ணீர்தானே ஆகும்? ஆகாது. ஏறும் படகு உள்ளே வரும்போது தன் எடைக்குச் சமமான 16,000 லிட்டரைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிட்டு வருகிறது. மேலே வெளியேறும்போது அது காலி செய்த இடத்தை மேல்மட்டத்துத் தண்ணீர் வந்து நிரப்புகிறது. ஆக மொத்தம் 1,16,000 லிட்டர். இறங்கும் படகு உள்ளே நுழையும்போது அதே 16,000 லிட்டரை மேலேயே தள்ளிவிடுகிறது. செலவு 84,000 லிட்டர்தான். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டதாகச் சொல்லும் விதி, இங்கே தண்ணீர் பில்லாக வந்து நிற்கிறது.

கிரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் மூன்று தொட்டிகள் மாடிப்படிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் மேற்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. ஷட்டர்களை வரிசை மாற்றித் திறந்தால் கரையெல்லாம் வெள்ளம். அதைத் தாண்டிவிட்டால் 30 கிலோமீட்டருக்குப் பூட்டே கிடையாது. கால்வாய் குன்றுகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரே மட்டத்தில் போகிறது.

இங்கே படகை விரட்டலாமே என்றால் முடியாது. சட்டப்படி உச்சவேகம் மணிக்கு 4 மைல், அதாவது சுமார் ஆறரை கிலோமீட்டர். அந்த வேகத்தையும் பெரும்பாலும் எட்டுவதில்லை. சட்டத்தைவிடக் கறாரானது இயற்பியல். குறுகலான, ஆழமில்லாத கால்வாயில் படகு முன்னேற வேண்டுமானால், முன்னாலிருக்கும் தண்ணீர் படகின் பக்கவாட்டிலும் அடியிலும் புகுந்து பின்னால் போய்ச் சேர வேண்டும். வழியோ குறுகல், தண்ணீர் வேகமாக ஓடுகிறது, ஓடுமிடத்தில் மட்டம் தாழ்கிறது, அதோடு படகும் தாழ்ந்து தரையை நெருங்குகிறது. விசையைக் கூட்டினால் படகு இன்னும் குந்தி உட்காரும், இன்னும் மெதுவாகும். நடைவேகம்தான் சிக்கனம்.

படகு தண்ணீரைத் தள்ளும் இந்த விவகாரத்திலிருந்துதான் அறிவியலின் அழகான காட்சிகளில் ஒன்று பிறந்தது. 1834ஆம் ஆண்டு எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், குதிரைகள் இழுத்துவந்த படகு சட்டென்று நின்றது. அதன் முன்னால் குவிந்திருந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. ஒற்றை மேடாக, உருக்குலையாமல் தன்பாட்டில் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற இளம் பொறியாளர், குதிரைமேல் ஏறி அந்த அலையைத் துரத்தினார். ஒரு மைலுக்கு மேல் ஓடிய பிறகே அது கால்வாயின் வளைவுகளில் கரைந்தது. தனியலை என்று பெயர். பிற்காலத்தில் கண்ணாடி இழைக்குள் ஒளித்துடிப்புகளை உருக்குலையாமல் அனுப்ப ஆராய்ந்தவர்களுக்கு அதே கணிதம் கைகொடுத்தது.

இலையுதிர் காலத்துக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. கால்வாயின்மேல் கவிந்த மரங்கள் இலையைக் கொட்டுகின்றன. தண்ணீர் பழுப்பு ரசமாகிவிடுகிறது. ஊறிய இலைகள் சுழலும் விசிறியில் கத்தையாக ஒட்டிக்கொள்ள, எஞ்சின் உறுமும், படகு நகராது. சுக்கான் பிடிப்பவர் ஒரு நொடி ரிவர்ஸ் போடுவார். இலைக்கத்தை உதறி விழும், படகு மறுபடி கிளம்பும். அதுவும் பலிக்காவிட்டால் பின்தளத்தில் ஒரு மூடியைத் திறந்து, குளிர்ந்த தண்ணீருக்குள் தோள்வரை கைவிட்டு உருவ வேண்டும். அக்டோபரில் இது யார் வேலை என்பதில் தம்பதிகளுக்குள் ஒருமித்த கருத்து இருந்ததாகத் தெரியவில்லை.

நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கரையில் இரண்டு இரும்பு முளைகளைச் சுத்தியலால் அடித்து, முன்னும் பின்னும் கயிறு கட்டினால் முடிந்தது. எல்ஸ்மியர் அருகே கால்வாயை ஒட்டியே பிளேக்மியர் ஏரி. பெரிய ஆறு எதுவும் வந்து சேராத இந்த வட்டாரத்து ஏரிகள், பனியுகம் முடிந்தபோது புதைந்து கிடந்த பனிக்கட்டிகள் உருகிய பள்ளங்கள். மாலையில் ஊருக்குள் நடந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி வரலாம், பப்பில் உட்காரலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். கரையோரப் பாதையில் விளக்கு கிடையாது.

அந்தக் கால்வாயின் தண்ணீர் ஏன் தரைக்குள் இறங்கிவிடவில்லை? சிமென்ட் கிடையாது. களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஆட்கள் மிதித்து, மாடுகளையும் நடக்கவிட்டுத் தரையில் இறுக்கினார்கள். மிதிக்க மிதிக்க மண்ணின் நுண்துளைகள் நசுங்கி அடைபடும். நடவுக்கு முன் நம் வயலில் சேறடிப்பதும் இதற்காகத்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல்கூட ஒன்றே.

கடைசி நாள் வருவது பான்ட்கசல்ட்டே. டீ ஆறு ஆழப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. கால்வாய் கீழே இறங்காமல், 38 மீட்டர் உயரத்தில், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி மட்டத்தில், ஆற்றைத் தாண்டுகிறது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டிய இந்தத் தொட்டிப்பாலம் 1805இல் திறக்கப்பட்டது. 2009இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 18 கல் தூண்கள், அவற்றின்மேல் 307 மீட்டர் நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டி. இரும்புத் தகடுகளின் இணைப்பில் தண்ணீர் கசியாமலிருக்க, காய்ச்சிய சர்க்கரைப் பாகில் தோய்த்த கம்பளித் துணியை வைத்து அடைத்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு பக்கம் நடைபாதை, கைப்பிடிக் கம்பி. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்கூட இராது. படகிலிருந்து எட்டிப் பார்த்தால் நேரே மரங்களின் உச்சி.

தொட்டியின் அகலம் 3.6 மீட்டர், ஆனால் கண்ணுக்குத் தெரிவது படகு போகுமளவு மட்டுமே. மீதி நடைபாதைக்கு அடியில் மறைந்திருக்கிறது. படகுக்கு ஒட்டினாற்போல் தொட்டி கட்டியிருந்தால், ஊசிக்குழலின் தண்டுபோலப் படகு தண்ணீரையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு போயிருக்கும். தள்ளப்பட்ட தண்ணீர் பின்னால் திரும்பிவர அந்த மறைவான இடம். இன்னொரு வியப்பு: 16 டன் படகு ஏறினாலும் பாலத்தின் சுமை கூடுவதில்லை. படகு வருகிறபோதே 16 டன் தண்ணீர் தொட்டியை விட்டு வெளியேறிவிடுகிறது. எத்தனை படகு வந்தாலும் தூண்களுக்குத் தெரியாது.

பாலத்துக்கு அப்பால் ஓர் எதிர்நீரோட்டம் நன்றாகப் புலப்படும். கால்வாய்த் தண்ணீர் பொதுவாக அசையாது, இது அசைகிறது. லாங்கோலனுக்கு மேலே டீ ஆற்றின் குறுக்கே டெல்ஃபோர்டு கட்டிய வளைந்த தடுப்பணையிலிருந்து தண்ணீர் புறப்பட்டு, பூட்டுகளைப் பக்க வாய்க்கால் வழியே தாண்டி, கடைசியில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீராகப் போய்ச் சேர்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி லிட்டர். கால்வாயை உயிரோடு வைத்ததும் இந்தக் குடிநீர்தான். 1944இல் படகுப் போக்குவரத்துக்கு இந்தக் கால்வாய் தேவையில்லை என்று சட்டப்படி கைவிடப்பட்டது. தண்ணீர் தேவைப்பட்டதால் மட்டும் யாரும் மண் போட்டு மூடவில்லை. வேடிக்கை என்னவென்றால், எல்.டி.சி. ரோல்ட் என்பவரின் 'நேரோ போட்' என்ற புத்தகம் வெளிவந்ததும் அதே 1944இல். 1939இல் கல்யாணமான கையோடு மனைவி ஏஞ்சலாவுடன் 'கிரெஸ்ஸி' என்ற மரப்படகில் பான்பரியிலிருந்து கிளம்பியவர் அவர். வழியிலேயே உலகப்போர் மூண்டது. புத்தகத்தைப் படித்தவர்கள் கால்வாய்களைத் தேடி வந்தார்கள். 1946இல் அவற்றைக் காக்க ஒரு சங்கம் உருவாயிற்று. இன்று தம்பதிகள் உல்லாசமாகப் படகில் வீடு கட்டிக்கொண்டு திரிவதற்கு அந்தத் தேனிலவுப் பயணம் ஒரு தொடக்கம்.

லாங்கோலனை நெருங்கும்போது மலைப்பாறையைக் குடைந்த கால்வாய் ஒற்றைப் படகு போகுமளவு சுருங்கிவிடுகிறது. எதிரே ஒரு படகு வந்துவிட்டால் இருவரில் ஒருவர் பின்னோக்கிப் போக வேண்டும். ஆகவே மனைவி கரையில் இறங்கி முன்னால் நடக்கிறார். எதிர்நீரில் திணறி வரும் படகைவிட அவர் நடை வேகம். வளைவுக்கு அப்பால் மறைந்தவர், சற்று நேரத்தில் திரும்பி வந்து, இரும்புக் கைப்பிடியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறார். வழி காலி.