கொசஸ்தலை ஆற்றின் கடைப்பகுதியில் மழைப்பொழிவின் மாறுபாடு: மீஞ்சூரும் எண்ணூரும்

முன்னுரை

வேளாண் நாடான இந்தியாவில் ஆண்டு மழையில் ஏறத்தாழ 75 விழுக்காடு தென்மேற்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்துள்ள தமிழகக் கடற்கரையோ வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. சென்னை சராசரியாகப் பெறும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழிகிறது. இச்சராசரி புலப்படுத்தாத மாறுபாட்டைக் கொசஸ்தலை ஆற்றின் கடைப்பகுதியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பருவமழையின் இயல்பு

வடகிழக்குப் பருவமழை நாள்தோறும் சீராகப் பெய்வதன்று. வங்கக்கடலில் தோன்றும் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் எத்தனை, அவை எங்குக் கரையைக் கடக்கின்றன என்பனவே அதன் அளவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் அந்நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. இவ்விரண்டிற்கும் இடைவெளி நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே.

மீஞ்சூர்: நீர் தங்காமை

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று நெற்பட்டங்கள் உண்டு. பருவமழையில் நிரம்பும் ஏரிகளும் கிணறுகளுமே நவரைக்கு நீராதாரம். 1960களிலிருந்து சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. ஒரு பருவத்தின் மழை ஈடுசெய்வதைவிட இறைப்பு மிகுந்தபோது நன்னீரின் அழுத்தம் குறைந்து, கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. கிணற்று நீர் உவர்த்தது.

எண்ணூர்: நீர் வடியாமை

அதே ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிவும் நில நிரப்பலும் இக்கழியின் ஆழத்தையும் பரப்பையும் குறைத்துள்ளன. புயற்காலத்தில் கடல்மட்டம் உயர்வதால் ஆற்றுநீர் விரைந்து வடிவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து, கழியை நம்பிய மீனவர்களின் வலைகளும் படகுகளும் பாழாயின.

முடிவுரை

மீஞ்சூரின் உவர்ப்பும் எண்ணூரின் வெள்ளமும் வெவ்வேறு சிக்கல்களல்ல. சில நாள்களில் கொட்டும் மழையைத் தேக்கும் நிலமும் வடியவிடும் கழியும் ஒருசேரச் சுருங்கியதன் இரு விளைவுகளே அவை. ஆண்டுச் சராசரியை மட்டும் கொண்டு வகுக்கும் நீர்த்திட்டம் உழவரையும் மீனவரையும் ஒருங்கே கைவிடும். மழை நாள்கள், நிலத்தடி நீர்மட்டம், கழியின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் சேர்த்து அளப்பதே இப்பகுதிக்குப் பொருந்தும் ஆய்வுமுறையாகும்.