இறந்தவர் முகத்தில் ஏறும் சிவப்பு

வளைகுடாவிலிருந்து சித்தூர், திருப்பதி கிராமங்களுக்கு வந்து சேரும் உடல்களில் சில துளிச் சாயம் ஆறுதல் தருகிறது, சந்தேகத்தையும் கிளப்புகிறது.

சென்னை விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஒரு பெட்டி இறங்குகிறது. கூடவே சில காகிதங்கள்: இறப்புச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று. இனி ஆம்புலன்ஸ் பயணம். திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிப் பக்கம். அல்லது ராணிப்பேட்டை வழியாகச் சித்தூர்ப் பக்கம். வீட்டு வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் குவைத்துக்கு ஆட்களை அனுப்பிப் பழகிய வட்டாரம் இது.

வீட்டு வாசலில் மூடி திறக்கப்பட்டதும் எல்லோர் கண்ணும் போவது முகத்தின் மேல்தான். தூங்குவது போல இருக்கிறாள் என்று ஒருவர் தேற்றிக்கொள்கிறார். இது அவள் நிறமே இல்லையே என்று இன்னொருவர் முணுமுணுக்கிறார். இரண்டு பேச்சுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: ரத்தக் குழாய் வழியே உள்ளே சென்ற சிவப்புச் சாயம்.

இதயம் நின்றதும் ரத்தம் உடலின் தாழ்ந்த பகுதிகளுக்கு இறங்கித் தேங்குகிறது. முகம் வெளுக்கிறது. பதப்படுத்தும் திரவத்தின் முக்கியச் சரக்கான ஃபார்மலின், திசுக்களின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. அழுகல் தள்ளிப்போகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு: தோல் சாம்பல் பூத்துக் களையிழக்கிறது. இந்தச் சாம்பலை மறைக்கத்தான் இயோசின், எரித்ரோசின், அமராந்த் போன்ற சாயங்கள். எரித்ரோசின் நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட சிவப்பு அது.

சாயத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கழுத்து அல்லது தொடைத் தமனி வழியாகச் செலுத்தப்படும் திரவம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று அது காட்டிக் கொடுக்கிறது. காது மடல், உதடு, நகக்கண் ஆகியவை சிவந்தால் வேலை சரி. ஒரு கை மட்டும் வெளுத்தே கிடந்தால் நடுவில் எங்கோ அடைப்பு. அந்தக் கைக்குத் தனியாக ஊசி போட வேண்டும்.

அளவு தவறினால் விபரீதம். சாயம் கூடிவிட்டால் முகம் கன்றிச் சிவந்து அன்னியமாகிவிடும். மஞ்சள் காமாலையில் இறந்தவருக்கு வேறு சிக்கல். ஃபார்மலின் பட்டதும் மஞ்சள் நிறமியான பிலிருபின், பச்சை நிறமியான பிலிவெர்டினாக மாறுகிறது. விவரம் அறியாத உறவினர் அந்தப் பச்சையைப் பார்த்து விஷம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

சந்தேகம் ஏழை வீட்டு வாசலோடு நிற்பதில்லை. 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதா இறந்தபோது ராஜாஜி ஹாலில் வைக்கப்பட்ட அவரது முகத்தைப் பற்றிப் பல வதந்திகள் கிளம்பின. உடலைப் பதப்படுத்திய உடற்கூறியல் பேராசிரியர் சுதா சேஷய்யன், 2017 பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் முன் அமர்ந்து, தான் செய்ததை விளக்க வேண்டியிருந்தது.

செயற்கைச் சாயங்கள் 19ஆம் நூற்றாண்டின் சரக்கு. இறந்தவரின் திருமேனிக்கு நிறம் கொடுக்கும் வழக்கம் அதைவிடப் பழையது. திருமலைக் கோயிலின் வழிபாட்டு முறைகளை ஒழுங்குபடுத்தியவர் என்று வைணவர் போற்றும் ராமானுஜரின் உடலே ஸ்ரீரங்கத்தில் அமர்ந்த நிலையில் இருப்பதாக மரபு சொல்கிறது. 'தானான திருமேனி' என்று அதற்குப் பெயர். ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்து சாத்துகிறார்கள். அந்தக் காவி நிறத்தின் முன் பக்தர்கள் நிற்பது ஐயத்தோடு அல்ல. நிறம் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் கூடத்திலும் ஒளிவுமறைவு இல்லை. தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்று வண்ணம் ஏற்றுவது மாணவருக்குப் பாடம் சொல்ல. அங்கே அபாயம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். ஃபார்மால்டிஹைடு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியின் கதைதான் வேறு. நிறத்தை ஏற்றியவர் அங்கே. அதைப் பார்த்துத் திகைப்பவர் இங்கே. நடுவில் விளக்கிச் சொல்ல ஆளில்லை. சாயம் அடிபட்ட தடத்தை அழித்துவிடும் என்ற பரவலான அச்சம் முழு உண்மையல்ல. பதப்படுத்திய பின் கன்றிய காயம் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிவதும் உண்டு. உண்மையான இழப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. ரத்தம் வெளியேறி ரசாயனம் உள்ளே புகுந்தபின், மதுவோ சயனைடோ இருந்ததா என்று ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

ஆகவே, மரணத்தில் ஐயம் இருந்தால் பிரேதப் பரிசோதனை கோர வேண்டிய நேரம் பதப்படுத்துவதற்கு முன்புதான். அந்தக் கோரிக்கை தூதரகத்துக்கு எழுத்தில் போக வேண்டும். கடன் வாங்கி மகளை அனுப்பிய தாய்க்கு இதை யார் சொல்வது? ஊருக்குச் செய்தி வரும்போது பெரும்பாலும் பெட்டி எப்போது வரும் என்பதுதான் பேச்சாக இருக்கிறது. எப்படி இறந்தாள் என்ற கேள்வி மூடி திறந்த பிறகே எழுகிறது. அதற்குள் முகத்தில் சிவப்பு ஏறிவிட்டிருக்கும்.