சங்கத்துக்கு வட்ஸ்அப்: முதலில் ஒரு பெட்டி எடுத்துப் பாருங்கள்

கப்பல்துறையில் கடை நடத்தும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிய சரக்கு வந்தால் எடுத்த எடுப்பிலேயே பத்துப் பெட்டி வாங்கமாட்டேன். ஒரு பெட்டியை வைத்து, விற்கிறதா என்று பார்ப்பேன். நமது வர்த்தக சங்கங்களும் சமூக வலைத்தளங்களை இவ்வாறே பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.

நான் அங்கம் வகிக்கும் சங்கத்தில் முன்பு ஒரு வட்ஸ்அப் குழுமம் தொடங்கினோம். எதற்காக என்று எவரும் தீர்மானிக்கவில்லை. காலை வாழ்த்துப் படங்களும் அரசியல் வாக்குவாதமும் நிரம்பின. பொதுக்கூட்ட அறிவித்தல் அவற்றுக்குள் புதைந்து போனது. பலர் குழுமத்தை விட்டு விலகினர்.

அடுத்த முறை ஒரே நோக்கம் வைத்தோம்: கூட்ட அறிவித்தலும் சந்தா நினைவூட்டலும் மாத்திரம். நிர்வாகிகள் மட்டும் செய்தி இடும் வசதி 2018இல் வட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பயன்படுத்தினோம். தவணை மூன்று மாதம். கூட்டத்துக்கு முன்பு எத்தனை பேர் வந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று வரவுப் பதிவேட்டைப் பார்த்தோம். கூடியிருந்தது; தொடர்ந்தோம். குறைந்திருந்தால் நிறுத்தியிருப்போம். குழுமத்தில் ஒருவரின் இலக்கம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், சேர்க்குமுன் அனுமதி கேட்பதும் அவசியம்.

இது வெறும் வசதி பற்றிய விடயமல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் பொய் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் தெரிவித்தது. அதற்குள் நட்டம் நடந்து முடிந்துவிட்டது. அத்தகைய வேளையில் சங்கத்தின் மறுப்பை ஊர் நம்ப வேண்டுமானால், அதன் முகநூல் பக்கம் ஏற்கெனவே தமிழிலும் சிங்களத்திலும் பழகியிருக்க வேண்டும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் நமது நாட்டில் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. முதல் இரு தடவையும் முடக்கம் பல நாட்கள் நீடித்தது. ஆகவே அங்கத்தவர்களின் தொலைபேசி இலக்கங்களைக் காகிதத்தில் எழுதிச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். பத்து அங்கத்தவருக்கு ஒருவர் என்று அழைப்பெடுக்கும் பொறுப்பையும் பிரித்துக் கொடுங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று விடயங்களை மட்டும் தீர்மானியுங்கள்: எதற்காக, யார் பொறுப்பு, எப்போது கணக்குப் பார்ப்பது. அதன் பிறகு தொலைபேசியைக் கையில் எடுக்கலாம்.