மடியும் பயிற்சி மேசையும்

பிறரோடு உறவாடும் விதத்தையும் பேச்சையும் பிறவியிலிருந்தே வேறுபடுத்தும் மூளை வளர்ச்சி நிலையாகிய ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாசம் தெரியாது என்னும் பேச்சு, அவர்கள் அணைப்பை விலக்குவதைக் கண்டவுடன் எழுந்த அவசர முடிவாகும். மற்றவர்க்குச் சாதாரணமாகத் தோன்றும் தொடுகையும் ஒலியும் மணமும் தாங்க முடியாத அளவுக்கு உறைக்கும் புலன் மிகையுணர்வு இவர்களில் பலருக்கு உண்டு. மெல்லிய வருடலுக்கு உடலைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளையே போர்வையால் இறுகச் சுற்றினால் அமைதியடைவதும் உண்டு. தாகமெடுத்தால் தாயின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் சென்று தண்ணீர்க் குடத்தை மூடிய தட்டின்மேல் அவள் கையை வைப்பதும், தூக்கம் வருகையில் முந்தானை ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்து முகர்வதும், என்றோ தந்தை கேட்ட "சாப்டியா கண்ணு" என்பதை அதே இழுவையோடு அவரிடமே திருப்பிச் சொல்வதும் அன்பின் வடிவங்களே. கேட்டதை அப்படியே சொல்லும் இந்த வழக்கத்தை எதிரொலிப்பேச்சு என்பர்; முன்பு பொருளற்றதாகக் கருதப்பட்ட அது, கையிலிருக்கும் சொற்களைக் கொண்டு உறவாடும் முயற்சியாகவே பலநேரம் அமைகிறது.

அன்பின் இந்த வடிவங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெற்றோர்தாம். ஆயினும் அவர்கள்மேல்தான் முதலில் பழி விழுந்தது. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைக் கொண்டு ஆட்டிசத்தை விவரித்த சில ஆண்டுகளில், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றி, "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்னும் கொடிய பட்டத்தைத் தாய்மார்க்குச் சூட்டியது. உளவியல் பேராசிரியர் புருனோ பெட்டல்ஹைமின் 1967இல் வெளிவந்த நூல் அதை மேலும் பரப்பிற்று. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது உடல்சார்ந்த நிலை என்று 1964இலேயே வாதிட்டார். இரட்டையரை ஆராய்ந்து 1977இல் வெளியான ஆய்வு மரபின் பங்கைக் காட்டியது.

பழி அத்தோடு ஒழியவில்லை என்பதே இங்குள்ள கவலை. பாசம் போதவில்லை என்று அன்று சொல்லப்பட்ட தாயிடம், "வீட்டில் பயிற்சி கொடுத்தீர்களா, எத்தனை மணி நேரம்?" என்று இன்று கேட்கப்படுகிறது. சிறுவயதில் தொடங்கும் பயிற்சியால் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்பீச் தெரபி, ஓ.டி. எனப்படும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, இவை முடிந்ததும் வீட்டுப்பாடம் என்று பொழுது முழுவதும் கரைந்துவிட்டால், வேலையின்றி மடியில் கிடக்கும் நேரம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? முத்தம் கொடுப்பதைக்கூடப் பட அட்டையைக் காட்டி, செய்தால் ஒரு மிட்டாய் என்று பழக்கும்போது, முத்தத்திற்கு விலை உண்டு என்பதையே பிள்ளை கற்கிறது. மாலையில் பயிற்சி மேசையருகே தாயின் கையில் மாம்பழப் பட அட்டை இருக்க, அவளுடைய முந்தானை ஓரம் பிள்ளையின் விரலிடுக்கில் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கவனித்தாலும், மெல்ல உருவிக்கொண்டு "இங்க பாரு" என்று அட்டையைக் காட்டவே அவளுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது.