காற்பந்தரங்கில் நின்று காண்போர்

மலேசியாவில் காற்பந்தாட்டம் காணச் சென்றவர் ஒரு காட்சியை மறந்திரார். கோல் கம்பத்திற்குப் பின்புறம் இருக்கைகள் வரிசை வரிசையாக இருக்கும்; அவற்றில் அமர்வார் இரார். அணியின் நிறத்தில் சட்டையணிந்த இளைஞர் முரசறைந்து பாட்டிசைத்து, ஆட்டம் தொடங்கியது முதல் முடியும் வரை நின்றுகொண்டேயிருப்பர். சிலர் இருக்கையின்மீதே ஏறி நிற்பதும் உண்டு. இருக்கைக்குப் பணம் கொடுத்துவிட்டு நிற்பானேன் என்று முதியவர் கேட்பர். முன்னால் நிற்பவன் மறைக்கிறான், ஆகவே நானும் நிற்கிறேன் என்பான் பின்னால் நிற்பவன். இவர்களுக்கு நிற்பதற்கென்றே முறையாக ஓர் இடம் அமைக்கலாமா, அமைத்தால் உயிருக்கு ஊறு நேருமா என்பது பல நாடுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வரும் வினா. 1965-ஆம் ஆண்டு முதல் பேரா விளையாட்டரங்கைத் தன்னகத்தே கொண்ட ஈப்போவுக்கும் அது புறம்பான வினாவன்று.

ஆங்கிலத்தில் பார்வையாளர் மேடைக்கு 'ஸ்டாண்ட்' என்று பெயர். நிற்றல் என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் அங்கே உட்காரச் சொல்கிறார்கள். இம்முரண்பாட்டை மொழியாசிரியர் சுவைக்கலாம்.

நின்று பார்ப்பது நமக்குப் புதிதன்று. சுங்கை சிப்புட், சித்தியவான், பீடோர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், லயத்தை அடுத்த திடலில் ஞாயிறு மாலை ஆட்டம் நடக்கும். துரைக்கும் கிராணிக்கும் நாற்காலி. ஏனையோருக்குத் திடலின் ஓரம். பெரட்டுக்கு நின்று பழகிய கால்கள் பந்தாட்டத்திற்கும் நின்றன. அங்கே நெரிசலில் எவரும் மாண்டதாக நான் கேட்டதில்லை. காரணம் எளிது. திடலுக்கு மதிலில்லை. கூட்டம் முன்னே தள்ளினால் முன்வரிசை திடலுக்குள் இரண்டடி நுழையும். நடுவர் ஊதலை ஊதி விரட்டுவார். பின்னே தள்ளினால் ரப்பர் மரங்களுக்கிடையே போய் நிற்கும். நெருக்கம் மிகும்போதெல்லாம் அது கரைந்து போக வழியிருந்தது. இவ்வழி அடைபட்ட இடத்தில்தான் நிற்பது கொடுமையாகிறது.

அதற்குப் பெருஞ்சான்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ அரங்கம். 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் மோத இருந்தன. லிவர்பூல் அன்பர்க்கு ஒதுக்கிய மேற்குப் பக்கத்தில் 10,100 பேர் நிற்கும் படித்திட்டு இருந்தது. அத்திட்டு கம்பி வேலிகளால் பல பட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்புறம் திடலை நோக்கியும் உயர்ந்த வேலி. இத்தனை பேரும் உள்ளே செல்லச் சுழற்கதவுகள் ஏழே ஏழு. ஆட்ட நேரம் நெருங்க, வாயிலில் நெருக்கம் மிகுந்தது. அதைத் தணிக்கக் காவலர் வெளியேறும் கதவொன்றைத் திறந்துவிட்டனர். திறந்த கதவுக்கு நேரே ஒரு சுரங்கவழி. அது நடுப்பட்டிகள் இரண்டில் கொண்டுபோய் விட்டது. அப்பட்டிகள் முன்னரே நிரம்பியிருந்தன. பக்கத்துப் பட்டிகளிலோ இடமிருந்தது. சுரங்கத்தின் வாயை மூடி மக்களைப் பக்கத்தே திருப்பிவிட அங்கே ஒருவரும் நிற்கவில்லை. பின்னிருந்து வந்தவருக்கு முன்னே நடப்பது தெரியாது. முன்னே நசுங்கியவருக்கு ஓட இடமில்லை. 97 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இறுதியானவர் காயத்தின் விளைவாக 32 ஆண்டுகள் கழித்து 2021-இல் இறந்தவர். குடிகாரரும் சீட்டில்லாதவருமே இதற்குக் காரணம் என்று முதலில் பரப்பப்பட்டது. அப்பழி பொய்யென்று 2016-ஆம் ஆண்டு மறுவிசாரணையின் நடுவர் குழு தீர்ப்பளிக்க, குடும்பத்தார் 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் தம் இறுதி அறிக்கையை அளித்தார். முதல்நிலைக் கழகங்களின் அரங்குகள் முழுவதும் இருக்கைகளாக வேண்டும் என்பது அவர் பரிந்துரை. 1994-க்குள் அது செயலாயிற்று. ஆயினும் நிற்கும் இடம் தன்னியல்பிலேயே ஆபத்தானது என்று அவர் கூறவில்லை. அவ்வாறு அன்று என்பதையே அறிக்கையில் குறித்தார். இருக்கை இருந்தால் ஒருவருக்கு ஓர் இடம் என்ற கணக்குத் தானே நிலைபெறும் என்பது அவர் எண்ணம். நுழைவுக் கட்டணம் மிகவும் உயர வேண்டியதில்லை என்றும் எண்ணினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் நிற்க நான்கு பவுன், அமர ஆறு பவுன் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் இங்கிலாந்தின் கட்டணங்கள் எங்கே போய் நின்றன என்பதை உலகமறியும். தந்தையின் தோள்பிடித்து நின்று பார்த்த தொழிலாளியின் மகன், தன் மகனை அழைத்துச் செல்ல இயலாதவனானான். உயிரைக் காத்த சீர்திருத்தத்தின் மறுபக்கம் இது. இதைச் சொல்வதால் சீர்திருத்தத்தைப் பழித்ததாகாது.

டெய்லர் காட்டிய அதே ஐப்ராக்ஸ் வேறொரு பாடமும் தருகிறது. 1971 ஜனவரி 2 அன்று அங்கே 66 பேர் மாண்டனர். ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில். அதே படிக்கட்டில் 1961-இலேயே இருவர் இறந்திருந்தனர். நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் மாலாங் வட்டாரத்தில் 2022 அக்டோபர் 1 அன்று கஞ்சுருகான் அரங்கில் காவலர் கண்ணீர்ப்புகை வீச, மக்கள் குறுகிய வாயில்களில் சிக்கி 135 பேர் இறந்தனர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழாவின்போது 11 பேர் மாண்டது அரங்கின் வாயில்களருகே. வாயிலிலும் படிக்கட்டிலும் மாண்ட இவர்களை உள்ளேயிருந்த எந்த இருக்கையும் காத்திராது.

கூட்டம் எவ்வாறு கொல்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். நாமும் பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திச் செல்பவர் அன்றோ? மிதிபட்டே இறக்கின்றனர் என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலோர் நின்ற நிலையிலேயே, மார்பு அழுந்தி, மூச்சை உள்ளிழுக்க இயலாமல் இறக்கின்றனர். சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் என்னும் நெருக்கம் வந்துவிட்டால், தனி மனிதன் தன் கால்களுக்கு உரியவன் அல்லன். கூட்டம் நீர்போல் அலையும், ஓர் ஓரத்தில் தள்ளியது மறு ஓரத்தில் போய் அடிக்கும். ஆகவே பிரிட்டனில் 'பசுமைக் கையேடு' என வழங்கும் அரங்கப் பாதுகாப்பு நூல், தக்க தடுப்புக் கம்பிகளுள்ள நல்ல படித்திட்டிலேயே பத்துச் சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் கூடாது என்கிறது. நம் வகுப்பறை ஒன்று 60 சதுர மீட்டர் எனக் கொண்டால் 282 பிள்ளைகள். அதுவே மேலெல்லை. அதற்கு மேல் ஒவ்வொருவர் நுழைவதும் முன்னால் நிற்பவரின் மூச்சிலிருந்து எடுப்பதாகும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டமொன்றின் நெரிசலில் 41 பேர் இறந்த செய்தியைப் படித்தபோது, அவர்கள் நின்ற சாலையின் அகலத்தையே என் மனம் தேடிற்று.

இப்போது இருக்கைக்கு வருவோம். மூன்று பதின்மம் கடந்தும் இங்கிலாந்தின் இளைஞர் அமரவில்லை. அமரும் இடத்தில் நிற்பது, நிற்கும் இடத்தில் நிற்பதைவிட ஆபத்தானது. முன்வரிசை இருக்கையின் முதுகு நிற்பவனின் முழங்கால் அளவே இருக்கும். கோல் விழுந்து அனைவரும் துள்ளும்போது பின்னாலிருப்பவன் நிலைதவறினால், அம்முதுகு அவனைத் தடுக்காது. காலை இடறி முன்வரிசைமேல் கவிழ்க்கும். அவன் விழ, அவனுக்கு முன்னிருப்பவனும் விழுவான். இதற்கு மாற்றாகக் கண்டதே கம்பி இருக்கை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னே இடுப்பளவில் உறுதியான கம்பி. அதனோடு பொருந்திய இருக்கையை மேலே மடக்கிப் பூட்டிவிடலாம், வேண்டும்போது இறக்கலாம். பிடித்துக்கொள்ளக் கம்பியுண்டு; அலை எழும்பினாலும் ஒரு வரிசையோடு நின்றுவிடும்.

ஜெர்மனியில் நிற்கும் வழக்கம் அறவே நின்றதில்லை. டார்ட்மண்டு அரங்கின் தென்மேடையில் மட்டும் 24,454 பேர் நிற்கலாம். ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகம் 2016-இல் ஏறத்தாழ மூவாயிரம் பேருக்குக் கம்பி இருக்கை அமைத்தது. இங்கிலாந்து 2022 ஜனவரியில் ஐந்து அரங்குகளில் சோதித்துப் பார்த்து, அவ்வாண்டின் அடுத்த பருவம் முதல் உரிமம் பெற்ற பகுதிகளில் நிற்பதை அனுமதித்தது. அங்கே விதி கண்டிப்பானது: ஓர் இருக்கையின் இடத்தில் ஒருவரே நிற்கலாம். டெய்லர் நாடிய கணக்கு இதனால் காக்கப்படுகிறது. ஜெர்மானிய முறையிலோ நிற்போரின் தொகை கூடும். அதனால்தான் அங்கே கட்டணமும் மலிவு. மலிவும் வேண்டும், ஒருவருக்கு ஓரிடமும் வேண்டும் என்று இரண்டையும் ஒருங்கே கேட்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கே இளைஞர் எப்படியும் நிற்கப் போகின்றனரோ, அங்கே இருக்கைகளை விட்டுவைத்து விதியைச் சுவரில் எழுதுவதைக் காட்டிலும் கம்பியை நடுவதே மேல். ஆனால் கம்பி இரண்டாவது வேலை. முதல் வேலை வாயிலில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒருவராக உள்விடும் சுழற்கதவு ஒன்றில் மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடலாகாது என்று கையேடு கூறுகிறது. ஹில்ஸ்பரோவின் ஏழு கதவுகளில் மணிக்கு 4,620 பேர். 10,100 பேர் நுழைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். எவரும் தவறு செய்யாவிடினும் அவ்வாயில் தோற்றிருக்கும். வெளியேற்றமும் அப்படியே: படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்திற்கு நிமிடத்திற்கு 66 பேர்; அனைவரும் எட்டு நிமிடத்தில் வெளியேற வேண்டும். அப்படியானால் ஒரு மீட்டர் அகலம் 528 பேருக்குப் போதும். ஐயாயிரம் பேருக்கு ஒன்பதரை மீட்டர் அகலப் படிக்கட்டு வேண்டும். அது திறந்தும் இருக்க வேண்டும்.

திறந்தும் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. இளமையில் ஓர் இறுதியாட்டம் காணச் சென்றேன். ஊரும் அரங்கும் எதுவென்பது இங்கு வேண்டா. இரட்டைக் கதவில் ஒன்றைப் பூட்டி, மற்றொன்றை ஓராள் நுழையும் அளவு திறந்து வைத்திருந்தனர். சீட்டில்லாதவர் புகாமலிருக்கவாம். பின்னால் வந்தவர் தள்ள, சில நொடிகள் என் கால்கள் தரையில் இல்லை. எனக்கு முன்னே இருந்த ஒருவர் தம் சிறுவனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, உள்ளேயிருந்தவர் கையில் கொடுத்தார். அச்சிறுவனின் ஒற்றைச் செருப்பு என் தோளில் விழுந்தது. அன்று முதல் பள்ளியில் சபை கலையும்போதெல்லாம் இரு கதவுகளும் திறந்துள்ளனவா என்று நானே போய்ப் பார்ப்பது வழக்கமாயிற்று. பயிற்சி ஆசிரியர்க்கும் இதைச் செய்து காட்டுவதுண்டு: நாற்பது பிள்ளைகளை ஒரு கதவு வழியாகவும், பின் இரு கதவு வழியாகவும் அனுப்பி, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன்.

மறுப்புரைகளும் உள. நிற்கும் பகுதி வந்தால் கலகம் வளரும் என்பர். 2015 செப்டம்பரில் ஷா ஆலாமில் மலேசிய–சவூதி அரேபிய ஆட்டம் தீப்பந்தங்களும் வாணங்களும் வீசப்பட்டு இடையில் நின்றது. அவ்வரங்கு இருக்கை போடப்பட்ட அரங்கே. எறிபவனுக்கு இருக்கை தடையன்று. பெண்டிரும் முதியோரும் சிறுவரும் என்ன செய்வர் என்பது இதனினும் வலிய மறுப்பு. அவர்களுக்கு இன்றுதான் இழப்பு: அமர்ந்து பார்க்கச் சீட்டு வாங்கி, முன்னால் நிற்பவர் முதுகைப் பார்க்கின்றனர். நிற்போர்க்கு ஓர் எல்லை வகுத்தால், எல்லைக்கு அப்பால் அமருங்கள் என்று சொல்ல முடியும். உலகக் கிண்ணப் போட்டிகளுக்கு இருக்கை வேண்டுமென்னும் ஃபிஃபாவின் விதியோ, மடக்கிய இருக்கையை இறக்கிவிட்டால் தீர்ந்தது.

ஈப்போவுக்குத் திரும்புவோம். 1926-இல் தொடங்கி 2018 வரை மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வென்ற மாநிலம் பேரா. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்பும், அவர்தம் பிள்ளைகள் மஞ்சளும் கறுப்பும் அணிந்து கோலுக்குப் பின்னே நின்றனர். என் பழைய மாணவர் சிலரும் அவர்களுள் இருந்தனர். 2025-ஆம் ஆண்டு பேரா கழகம் பண நெருக்கடியால் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. பெருங்கூட்டம் வராத இக்காலமே அளப்பதற்கு வசதியான காலம். அளவு நாடா ஒன்றும் ஓய்வான ஒரு பிற்பகலும் போதும். எத்தனை கதவு, எத்தனை மீட்டர் படிக்கட்டு, எவை பூட்டிக் கிடக்கின்றன என்று எழுதிக்கொண்டு வந்தால், கோலுக்குப் பின்புறம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஆறாம் ஆண்டு மாணவனே பெருக்கி வகுத்துச் சொல்லிவிடுவான். அந்த எண் கையில் வந்தபின், எந்த வரிசைகளில் கம்பி நடுவது என்று பேசத் தொடங்கலாம்.