ஒருவழிப் பாதையில் கம்பளி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டுச் சலவை இயந்திரம் பழுதாகிவிட்டதால், அழுக்குத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் இருந்த பொதுச் சலவையகத்துக்குப் போனேன். எல்லாத் துணிகளையும் ஒன்றாகப் போட்டு 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்திலும் சுற்றவிட்டேன். படுக்கை விரிப்பும் துண்டுகளும் நன்றாகவே வந்தன. அத்தானின் கம்பளி ஸ்வெட்டர் மட்டும் ஏழு வயதுப் பையனின் அளவுக்குக் குறுகிக் கிடந்தது. தொட்டால் அட்டைபோலத் தடிப்பு. பின்னலின் கண்ணிகள் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"சூட்டுல சுருங்கிடுச்சு போலக்கா" என்றேன்.

"அம்மா கையால பின்னுனதுடா அது" என்றாள் அக்கா.

அந்த வருத்தத்தில்தான் கம்பளியைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் சொன்னது பாதிதான் சரி. அந்த ஸ்வெட்டரின் இழைகள் குட்டையாகவில்லை. அவை இடம் பெயர்ந்திருந்தன.

நம் தலைமுடியைப் போலவே கம்பளி இழையும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. செதில்களின் விளிம்புகள் எல்லாம் இழையின் நுனியைப் பார்த்திருக்கும். மெரினோ ஆட்டின் இழை சுமார் 20 மைக்ரான் தடிமன்தான் என்பதால் செதில்களைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அவை செய்யும் வேலையை உங்கள் விரலிலேயே உணரலாம். நீளமான தலைமுடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். தேய்ப்பது இரு திசையிலும்தான். முடியோ ஒரே திசையில் ஊர்ந்து போகும், வேர்ப்பக்கம் முன்னால் செல்ல. முடியைத் திருப்பி வைத்துத் தேய்த்தால், போகும் திசையும் மாறிவிடும்.

ஸ்வெட்டருக்குள் நடந்ததும் இதுதான். தண்ணீரில் ஊறிய இழை பருத்து, செதில்கள் சற்றே விலகி நிற்கும். வெந்நீர் இழையை இளக்கி எளிதில் வளையவும் நீளவும் விடும். சலவையகத்து இயந்திரத்தின் உருளை துணியை மேலே தூக்கித் தூக்கிக் கீழே போடும். ஒவ்வொரு அடியிலும் ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாக ஒரு துளி நகரும். பின்னால் வர முயன்றால் பக்கத்து இழையின் செதிலில் மாட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு இழைகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகிவிடுகின்றன. ஈரம் போகுமுன் உலர்த்தியில் போட்டுச் சுழற்றியது மிச்சத்தையும் முடித்துவிட்டது.

அப்படியானால் மழையில் நனையும் ஆடு ஏன் சுருங்குவதில்லை? அதன் ரோமம் ஒவ்வொன்றும் தோலில் வேரூன்றி, ஒரே திசையில் வளர்ந்திருக்கிறது. எந்த ரோமமும் நகர்ந்து போக வழியில்லை.

பருத்தி சுருங்குவது வேறு கதை. நூற்கும்போதும் பின்னும்போதும் இழுபட்ட நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. திருப்பூரில் பின்னலாடைத் துணியை நீராவி காட்டி 'காம்பாக்டிங்' செய்வது அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே முடித்துவிடத்தான். கம்பளி இறுகுவதற்கு அப்படி எளிதில் எல்லை வராது. இறுகியதை அவிழ்க்கவும் முடியாது.

எனக்கு விபத்தாக அமைந்த இதே குணத்தை, மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகத் தொழிலாகவே செய்துவருகிறார்கள். கம்பளியை நனைத்து, உருட்டி, அழுத்தினால் கிடைப்பதுதான் ஃபெல்ட். மங்கோலிய நாடோடிகளின் கூடாரச் சுவரும், காஷ்மீரின் நம்தா விரிப்பும், பியானோவின் தந்தியைத் தட்டும் சுத்தியலின் உறையும் அதுவே.

இன்று இயந்திரத்தில் துவைக்கத் தகுந்த கம்பளியும் கிடைக்கிறது. குளோரினால் செதில் விளிம்புகளை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுக்கிறார்கள். உடையின் சீட்டில் அப்படிக் குறிப்பு இல்லையென்றால் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் ஊறவையுங்கள். கசக்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் வைத்து ஒற்றியெடுத்து, தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். புரதக் கறையைக் கரைக்கும் நொதி கலந்த சலவைத் தூளும் ஆகாது, கம்பளியே புரதம்தானே.

அந்த ஸ்வெட்டரை அக்கா தூக்கி எறியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித் தன் மகளுக்கு ஒரு ஜோடிக் கையுறை தைத்தாள். பின்னலாடையை வெட்டினால் ஓரம் பிரிந்து நூல் உருவிக்கொண்டு வரும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.