சொடுக்கின் விலையும் விளம்பரத்தின் பயனும்

பண்டம் விற்போன் அதன் சிறப்பினைப் பிறர்க்கு அறிவித்தல் வாணிகத்தின் இன்றியமையாப் பகுதியாகும். பறையறைந்தும், சுவரில் எழுதியும், பத்திரிகையில் அச்சிட்டும் நடைபெற்ற இவ்வறிவித்தல் இன்று இணையத்தளங்களிற் பெரிதும் நடைபெறுகின்றது. பத்திரிகை விளம்பரத்துக்கு இடத்தின் அளவு நோக்கிப் பணம் கொடுக்கின்றோம். அதனைக் கண்டு கடைக்கு வந்தோர் எத்துணையர் என்பதை அறிதல் அரிது. இணையத்திலோ, வாசகன் விளம்பரத்தைச் சொடுக்கி விற்போனது தளத்துக்கு வந்தால் மாத்திரமே பணம் செலுத்தும் முறையொன்று உண்டு. சிறுமுதல் உடையோரும் கையாளத்தக்க இம்முறையின் இயல்பினை ஆராய்தல் பயனுடைத்து.

1994ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'ஹொற்வயர்ட்' என்னும் அமெரிக்கத் தளத்திற் பட்டை விளம்பரங்கள் தோன்றின. சொடுக்குக்கு விலை கூறும் ஏலமுறை அதற்குப் பின்னர் வந்தது. 1998இல் கலிபோர்ணியாவில், பில் குறோஸ் என்பாரின் தேடுதளம் அதனைத் தொடங்கிற்று. பிற்காலத்தில் 'ஓவர்ச்சர்' எனப் பெயர்பெற்ற அத்தளத்தில், ஒரு சொல்லுக்கு மிக்க விலை கூறியவனுக்கே முதலிடம் கிடைத்தது. 2002இல் கூகிள் நிறுவனம் இம்முறையைத் திருத்தியமைத்தது. கூறிய விலையோடு, விளம்பரம் எத்துணை வீதம் சொடுக்கப்படுகின்றது என்பதையும் சேர்த்து நோக்கி அது இடமளித்தது. ஆதலின், குறைந்த விலை கூறியவனும் வாசகர்க்கு ஏற்ற விளம்பரம் எழுதுவானாயின் மேலிடம் பெறலானான்.

2003இல் அந்நிறுவனம் 'அட்சென்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. கட்டுரை, செய்தி முதலியன வெளியிடும் தளங்களின் பக்கங்களைக் கணினி ஆராய்ந்து, பொருளுக்கு இயைந்த விளம்பரங்களை அங்கே இடும். தோட்டக்கலைக் கட்டுரையின் அருகே விதை விற்போனது விளம்பரம் தோன்றுதல் இதன் பாற்படும். இவ்வருவாயில் 68 வீதம் தளவுடைமையாளர்க்குச் சேர்வதெனக் கூகிள் 2010இல் வெளியிட்டது. 2024 முதல் அவர்க்குரிய பணம் காட்சிகளின் எண்ணிக்கை கொண்டு கணிக்கப்படுகின்றது. எனினும் விளம்பரம் செய்வோர் சொடுக்குக்கு விலை கொடுக்கும் வழி இன்றும் உண்டு.

இத்தகைய தளங்களிற் சொடுக்கின் விலை தேடுதளத்தினும் பெரும்பாலும் குறைவாயிருத்தல் ஏன்? தேடுதளத்திலே 'விதை வாங்க' என எழுதுவோன் வாங்கும் எண்ணத்தோடு வருகின்றான். கட்டுரையைப் படிப்போனோ படிக்கவே வந்தவன். விளம்பரம் அவன் கண்ணில் இடையே படுவது. வாங்கும் நாட்டம் குறைவாதலின் விலையும் குறைகின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தே கூகிள் 2005இல் இருவகை இடங்களுக்கும் வெவ்வேறு விலை கூற வழிசெய்தது.

ஆகவே, மலிவான சொடுக்கு மலிவான விளம்பரம் ஆகாது. கணக்கொன்று காண்போம். ஒருவன் கட்டுரைத் தளங்களிற் சொடுக்கொன்றுக்கு 10 சதம் வீதம் 100 டொலர் செலவிட்டு 1,000 பேரை வருவிக்கின்றான் என்க. அவருள் இருவரே வாங்குவாராயின், ஒருவரைப் பெற 50 டொலர் செலவாயிற்று. தேடுதளத்திற் சொடுக்கொன்றுக்கு ஒரு டொலர் கொடுத்து 100 பேரை வருவித்து, அவருள் ஐவர் வாங்குவாராயின், ஒருவர்க்கு 20 டொலரே செலவாகும். எண்கள் கற்பனையே, கணிக்கும் முறை உண்மையானது. பத்து மடங்கு விலையுடைய சொடுக்கே ஈண்டு மலிவாயிற்று.

மற்றோர் இடரும் உண்டு. வருவாய் கருதித் தளவுடைமையாளரே சொடுக்குதலும், கணினி நிரல்களை ஏவிச் சொடுக்குவித்தலும் நிகழ்கின்றன. போலிச் சொடுக்குகள் பற்றி அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் தொடரப்பட்ட வழக்கிலே, 2006இல் 9 கோடி டொலர் வரையிலான இணக்கத்துக்குக் கூகிள் உடன்பட்டது.

எனவே இத்துறையிற் புகுவோர், நாளொன்றுக்குரிய செலவின் எல்லையை முதலில் வகுத்தல் வேண்டும். கட்டுரைத் தளங்களுக்கும் தேடுதளத்துக்கும் கணக்கினை வேறாக வைத்தல் வேண்டும். சொடுக்குப் பெருகியும் விற்பனை தராத தளங்களை விலக்குதலும் தகும். யாவற்றினும் மேலாக, வந்தோரை எண்ணுதலோடு அமையாது வாங்கினோரையும் எண்ணுதல் வேண்டும். வணிகம் பயிலும் மாணவர் கற்கும் பாடமும் இதுவே: செலவின் சிறுமையன்று, அச்செலவு ஈட்டிய பயனே இலாபத்தை அளக்கும் கோல்.